ஐயாயிரத்து நாற்பத்தொன்றாவது இழை

எனக்கு ஒரு எண்ணைப் பிடிக்கும். ஐயாயிரத்து நாற்பது. ஒரு நடிகரைப் பிடிக்கும், ஒரு ஊரைப் பிடிக்கும் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. எண்ணைப் பிடிக்கும் என்றால் மட்டும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

காரணம் இல்லாமல் பிடித்துவிடவில்லை. 5040-ஐ ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. பதினொன்று மட்டும் முறைத்துக்கொள்ளும். பன்னிரண்டு மறுபடி ஒழுங்காகப் போகும். ஒன்றிலிருந்து ஏழு வரை வரிசையாகப் பெருக்கினால் 5040. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து இந்த நான்கை மட்டும் பெருக்கினாலும் அதே 5040. மொத்தம் அறுபது வகுத்திகள். அதைவிடச் சின்ன எண் எதற்கும் அறுபது கிடையாது. யார் வந்து பங்கு கேட்டாலும் சண்டையில்லாமல் பிரித்துக் கொடுக்கும். எங்கள் குடும்பத்தில் அப்படிப்பட்ட ஆள் ஒருவரும் இல்லை.

அதன் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் 5039. பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாது. அந்தப் பக்கம் 5041. கல்லூரி நாளில் ஆரணியிலிருந்து வந்தவாசிப் பக்கம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தேன். மூன்று போகவில்லை. ஏழு போகவில்லை. பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது, ஒன்றும் போகவில்லை. இதுவும் பகா எண்தான் என்று மூடி வைக்க இருந்தபோது எழுபத்தொன்று போனது. ஈவும் எழுபத்தொன்று. 71 பெருக்கல் 71. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன், கண்டக்டர் திட்டினார். 5040-இல் அறுபது வகுத்திகள் இருந்தன. ஒன்றைக் கூட்டினதும் மூன்றுதான் மிச்சம்.

அந்த பி.எஸ்ஸி. கணக்கை வைத்துக்கொண்டு நான் இப்போது செய்வது புடவை டிசைன் வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் அறை. பட்டுப்புடவையில் வரும் மயில், மாங்காய், கொடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு பென் டிரைவில் கொடுப்பேன். அதைத் தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் செருகினால், எந்த இழை தூக்க வேண்டும், எது படுக்க வேண்டும் என்று பெட்டி பார்த்துக்கொள்ளும். நெசவுக்காரர்கள் என்னைக் ‘கம்ப்யூட்டர்க்கா’ என்பார்கள். மரியாதையா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

என் அண்ணன் நெசவாளி. ஆறேழு வருஷம் முன்னால் அவன் புதுப் பெட்டி வாங்கியபோது, தறியில் எத்தனை கண் கட்டுவது என்று என்னிடம் கேட்டான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒவ்வொன்றும் ஒரு கண்ணுக்குள் புகுந்துதான் போகும். கண் தூக்கினால் இழை தூக்கும். கண் எத்தனையோ, பாவில் அத்தனை இழை.

“ஊர்ல 4800 கட்றாங்க. நானும் அதையே கட்டிடட்டா?” என்றான்.

“5040 கட்டு” என்றேன்.

“எதுக்குடி? அச்ச வேற மாத்தணும்.”

இழையைத் தூக்கப் பெட்டியில் 240 கொக்கி, ஒரு கொக்கியில் தொங்குவது 21 கண், ஆக 5040; நாளைக்கு 120 கொக்கிப் பெட்டி வந்தாலும் 360 வந்தாலும் மீதியில்லாமல் போகும்; இருபத்தொன்று ஒற்றைப்படை, அதனால் ஒரு மயில் சரியாக நடுவில் வரும் என்றெல்லாம் அளந்தேன். பொய் இல்லை. ஆனால் உண்மைக் காரணம், எனக்கு அந்த எண் பிடிக்கும் என்பதுதான். அவனுக்கும் அது தெரியும்.

“உன்ன ஒரு ஆம்பளைக்குக் கட்டிக் குடுத்ததுக்கு அந்த நம்பருக்கே கட்டிக் குடுத்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, இழைகளைச் சீப்பு மாதிரி பிரித்து நிறுத்தும் அச்சை மாற்றி, ஐயாயிரத்து நாற்பது கண்ணையும் கட்டினான்.

இரண்டு வருஷம் முன்னால் அவன் போய்விட்டான். மார்வலி என்று வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவன் கடைசியாக நெய்த பாவின் வால் மட்டும், கண்களில் கோத்தபடியே தறியில் நின்றது. அண்ணி தறிமேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். அவளுக்கு வேலை, நூலை இழை இழையாக எண்ணிச் சேர்த்துப் பாவு ஓட்டும் கூடத்தில். காலையில் போய்விடுவாள், சாயங்காலம் வருவாள். தறியை விற்றுவிடு என்று சொன்னவர்களுக்கு அவள் பதிலே சொல்லவில்லை.

எனக்கும் அண்ணிக்கும் அவ்வளவாக ஒட்டாது. நான் படித்த திமிர் பிடித்தவள் என்பது அவள் எண்ணம். அவள் எதையும் வாயைத் திறந்து சொல்லமாட்டாள் என்பது என் குறை. இரண்டும் சரிதான். அண்ணன் இருந்தவரை நடுவில் அவன் இருந்தான். அவன் போன பிறகு நாங்கள் ஒருவருக்கொருவர் ‘ங்க’ போட்டுப் பேசிக்கொண்டோம்.

இந்த வருஷம் அண்ணன் மகளுக்குத் தேவிகாபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்த அன்றைக்கு அண்ணி தறிமேல் இருந்த போர்வையை எடுத்தாள். மகள் மணையில் உட்காரும்போது அப்பாவின் தறியில் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். வேறு எதற்கும் அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. மண்டபம், சாப்பாடு, பேண்டு வாத்தியம் எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் இஷ்டம் என்று விட்டுவிட்டாள். இதில் மட்டும் விடவில்லை. எத்தனையோ வீட்டுக் கல்யாணத்துக்கு நெய்து அனுப்பிய தறி, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கென்று ஒரு புடவை நெய்ததே இல்லை.

ஒரு பாவில் மூன்று புடவை வரும். ஒன்று பெண்ணுக்கு, ஒன்று அண்ணிக்கு, ஒன்று எனக்கு. அரக்கு நிறம். பார்டர் வேண்டாம் என்றாள் பெண். இப்போதைய பெண்களுக்குப் பார்டரே பிடிப்பதில்லை. புடவை முழுக்கச் சின்னச் சின்ன வைரக் கட்டம். கட்டத்துக்கு அறுபது இழை, அகலத்தில் எண்பத்து நான்கு கட்டம், இரண்டு ஓரத்திலும் முழுக் கட்டமாக வந்து முடியும். நான் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். நெய்வதற்கு அண்ணனோடு பழகின ஒரு நெசவாளி ஒப்புக்கொண்டார். பாவு ஓட்டியது அண்ணி.

பாவு வந்த அன்றைக்குச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“எவ்ளோ போட்டீங்க அண்ணி?”

“ஐயாயிரத்து நாப்பத்தொண்ணு.”

“தறியில இருக்கறது 5040 கண்ணுதானே?”

“கல்யாணப் பாவும்மா. மொய் எழுதறப்ப நூறா எழுதறோம்? நூத்தியொண்ணுதானே. அதான் ஒண்ணு சேத்துப் போட்டேன். இருந்துட்டுப் போவட்டும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மொய்க் கவரில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டியே விற்கிறார்கள். அது வேறு விஷயம். ஒற்றை ரூபாய் யாரையும் ஒன்றும் செய்யாது. பாவில் ஒற்றை இழை கூடினால் அது எங்கே போகும்? அதுவும் எந்த எண்ணில் கூட்டுகிறாள்? உலகத்திலேயே இவ்வளவு சுமுகமான எண்ணை எடுத்து, எழுபத்தொன்றைத் தவிர எதனாலும் பிரிக்க முடியாத எண்ணாக மாற்றி வைத்திருக்கிறாள். இதை அவளிடம் சொல்லவும் செய்தேன். “எழுபத்தொண்ணு எழுபத்தொண்ணு” என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பாவைத் தெருவில் நீட்டினார்கள். இரண்டு முனையிலும் கட்டி, இழுத்து, பிசிறு தட்டி, அதன் பிறகுதான் உருளையில் சுற்றுவார்கள். இருபது மீட்டர் அரக்குப் பட்டு வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. பைக்கில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணி இல்லை. சம்பந்தி வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்க முதல் பஸ்ஸில் தேவிகாபுரம் போயிருந்தாள். நான் வேலைக்குப் போகிற வழியில் நின்றேன்.

வலது ஓரத்தில் கடைசி இழை மட்டும் நிறம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வேறு சாயத்தில் முக்கின நூல். ஆக, கூடுதலாகச் சேர்த்தது இதுதான். எனக்குக் கையிலேயே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

“இத எடுத்துடலாங்க” என்றேன் நெசவாளியிடம்.

“அவங்க வந்துடட்டும் கம்ப்யூட்டர்க்கா. ஒரு வார்த்த கேட்டுக்கலாம்.”

“இது எதாலயும் வகுபடாதுங்க.”

“எதுக்குங்க வகுக்கணும்? நெய்யத்தானே போறோம்?”

அவரிடம் பேசி ஆகாது என்று நானே முனையில் அந்த இழையைப் பிரித்தேன். விரலில் சுற்றிக்கொண்டே பாவின் அந்தக் கோடி வரை நடந்தேன். பட்டு சுலபமாகத்தான் வந்தது. ஒரு இடத்தில் சிக்கியது, எச்சில் தொட்டு எடுத்தேன். மறுமுனைக்குப் போனபோது விரலில் ஒரு சின்ன மோதிரம் அளவுக்குச் சேர்ந்திருந்தது. அந்த நேரத்தில் குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி வந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று அந்தம்மா கேட்டார்கள். பட்டு எது என்று தெரியாமல் ஏதோ ஒன்றில் போட்டேன்.

அன்று பகலெல்லாம் பாவு பிணைத்தார்கள். பழைய பாவின் வாலில் இருக்கும் இழை ஒன்று, புதுப் பாவின் இழை ஒன்று, இரண்டையும் விரலில் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று. அண்ணன் விட்டுவிட்டுப் போன ஐயாயிரத்து நாற்பது முனையோடு புதுசு ஐயாயிரத்து நாற்பது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். சாயங்காலம் மறுபடி போனேன். கடைசி முனைக்குக் கடைசி இழை சரியாக வந்து நின்றது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எண்ணாமலே இரண்டு பக்கமும் சமம் என்று தெரிந்துவிட்டது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கமாட்டேன்.

அண்ணி இருட்டுவதற்கு முன்னால் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தறிக்குப் போனாள். வலது ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். இடது ஓரத்துக்குப் போய்ப் பார்த்தாள். மறுபடி வலது ஓரம்.

“கடைசியா ஒரு இழ இருந்துதே. எங்க?”

“எடுத்துட்டேன் அண்ணி. இப்ப சரியா கீது. ஒண்ணுக்கு ஒண்ணு.”

“எடுத்து எங்க வெச்ச?”

அவள் ‘ங்க’ போடவில்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். குப்பை வண்டியில் போட்டதைச் சொன்னேன். அவள் தறிப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அது அண்ணன் உட்காரும் இடம். அவன் போன பிறகு அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அது உங்க அண்ணன் நூலு” என்றாள்.

நெசவாளி வெளியே போய்விட்டார். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் கடைசிப் பாவுக்கு வாங்கின பட்டில் ஒரு பாபின் மிஞ்சியிருந்தது. அவனே சாயம் சொல்லி வாங்கினது. அதிலிருந்து ஒரு இழை எடுத்துப் பாவோடு ஓட்டியிருக்கிறாள். மகள் கல்யாணத்தில் அவனும் இருக்கட்டும் என்று.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி. மொய்னு சொன்னீங்களே.”

“நல்ல காரியம் பண்றப்போ செத்தவங்க பேச்ச எடுப்பாங்களா? சொன்னா நான் அழுவேன். பொண்ணு அழுவா. நீ புரிஞ்சுப்பன்னு நெனச்சேன். உங்க அண்ணன் தறிதானே இது.”

எச்சில் தொட்டுச் சிக்கெடுத்தது நினைவுக்கு வந்தது. ஓடினேன். தெருமுனையில் இருந்த துப்புரவு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய் விசாரித்தேன். காலையிலேயே கிடங்குக்குப் போய்விட்டது என்றார்கள். என்ன தொலைத்தீர்கள், நகையா என்று கேட்டார்கள். நூல் என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

அடுத்த இரண்டு நாள் நான் செய்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. பாபினில் இன்னும் கொஞ்சம் நூல் இருந்தது. அதிலிருந்து இன்னொரு இழை சேர்த்தால் மறுபடி 5041. சேர்த்தால் எங்கே சேர்ப்பது? என் டிசைனில் அதற்கு இடம் இல்லை. சரி, டிசைனையே மாற்றிவிடுவோம் என்று அறையில் உட்கார்ந்தேன். எழுபத்தொன்று எழுபத்தொன்று என்று நான் குற்றம் சொன்ன அதே எண்ணை எடுத்துக்கொண்டேன். எழுபத்தொரு இழையில் ஒரு கட்டம், அகலத்தில் எழுபத்தொரு கட்டம். இரண்டு ஓரமும் முழுசாக முடிகிறது. அதைவிட, 5040-க்கு நடு இழை என்று ஒன்று கிடையாது, 5041-க்கு உண்டு. 2521-ஆவது இழை. அது முப்பத்தாறாவது கட்டத்தின் முப்பத்தாறாவது இழை. நடுக் கட்டத்தின் நடு. அங்கே அண்ணனை வைத்துவிடலாம். கணக்கு இவ்வளவு அழகாக எனக்கு எப்போதும் வந்ததில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நெசவாளியிடமும் அண்ணியிடமும் விரித்துக் காட்டினேன்.

நெசவாளி நன்றாகப் பார்த்தார்.

“சூப்பரா கீதுங்க. ஆனா பெட்டியில 240 கொக்கி. இது எழுபத்தொண்ணுல ஓடுது. ஒத்து வராது. மொத்தக் கண்ணையும் அவுத்துட்டுத் திரும்பக் கட்டணும். அச்சும் வேற. ரெண்டு மாசம் பேஜாரு. முகூர்த்தத்துக்கு நாப்பது நாள்தான் கீது.”

“அப்ப இன்னா பண்றது?”

“இதுக்குப் போயி எதுக்கு இவ்ளோ? ஏதோ ஒரு கண்ணுல ரெண்டு இழயா உட்டுடலாம். பக்கத்து இழயோட இது ஒட்டிகினு போவும். பின்னால பாபின்ல ஒரு கல்லக் கட்டித் தொங்கவுட்டா தானா வந்துகினு இருக்கும்.”

நான் அந்தப் பிரிண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். இதைத்தான் அண்ணி முதலிலேயே நினைத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தறிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தாளாம். ஒரு கண்ணில் இரண்டு இழை ஓடக்கூடும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பி.எஸ்ஸி. படித்த எனக்குத் தோன்றவில்லை.

பாபினில் மிச்சம் இருந்ததைத் தெருவில் பிடித்து அளந்தோம். அண்ணி ஒரு முனை, நான் ஒரு முனை. ஒன்பது மீட்டர் சொச்சம் வந்தது. மூன்று புடவைக்குப் போதாது. முதல் புடவைக்குப் போதும். இருபது மீட்டர் இருந்ததை நான் குப்பையில் போட்டாயிற்று.

“பொண்ணு பொடவையில வந்தா போதும்” என்றாள் அண்ணி. அவளுடைய புடவைக்கும் இல்லை என்பதை அவள் சொல்லவே இல்லை.

“எந்தக் கண்ணுல வெக்கப் போறீங்க?” என்று கேட்டேன்.

“அத நான் பாத்துக்கறேன். பொடவ முடியற வரைக்கும் நீ தறிகிட்ட வராத.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னாள். அது நியாயம் என்று எனக்குப் பட்டது. புடவை தறியில் இருந்த அந்த நாட்களில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் வாசலோடு நின்று, பெண்ணை வெளியே கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்தேன். உள்ளே தறி ஓடுகிற சத்தம் கேட்கும். பின்னால் போய் அந்தக் கல் எங்கே தொங்குகிறது என்று ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும். போகவில்லை. என் வாழ்க்கையில் ஒரு விடையை எட்டிப் பார்க்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

கல்யாணம் தேவிகாபுரத்தில். காலை முகூர்த்தம். பெண்ணுக்குப் புடவை கட்டிவிடுகிற வேலை அத்தைக்கு என்று யாரோ சொல்லி என்னை உள்ளே தள்ளினார்கள். அண்ணி அறை வாசலில் நின்றாள். கொசுவம் வைக்க நான் கீழே உட்கார்ந்தேன். புதுப் பட்டு மடியமாட்டேன் என்றது. ஒவ்வொரு மடிப்பாக விரலால் தேய்த்துக்கொண்டே கண்ணால் தேடினேன். அறுபது இழையில் ஒரு கட்டம், எண்பத்து நான்கு கட்டம். எல்லாம் ஒரே அரக்கு. நிறம் தூக்கலான அந்த ஒன்று பக்கத்து இழையோடு ஒட்டிக்கொண்டு எங்கோ ஓடுகிறது. எனக்குத் தட்டுப்படவில்லை.

பெண் மேலிருந்து மெதுவாகக் கேட்டாள்.

“அத்தே, அம்மா சொன்னாங்க. இதுல அப்பா எங்க கீறாரு?”

நிமிர்ந்து வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்தேன்.

“உங்க அத்ததான் கணக்குல புலியாச்சே. அவளயே கேளு” என்றாள் அண்ணி. அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. அண்ணன் போனதற்குப் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தது அன்றைக்குத்தான்.

கல்லூரியில் ஒரு பாடம் உண்டு. நான்கு கூட்டில் ஐந்து புறாவை அடைத்தால், ஏதாவது ஒரு கூட்டில் இரண்டு புறா இருந்தே ஆக வேண்டும். எந்தக் கூடு என்று அது சொல்லாது. இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. இது ஒரு பாடமா, இதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லுமே என்று அப்போது அலட்சியமாகப் படித்தேன்.

“ஐயாயிரத்து நாப்பது கண்ணு. ஐயாயிரத்து நாப்பத்தொரு இழ. எங்கியோ ஒரு கண்ணுல ரெண்டு பேர் சேந்துதான் ஓடி ஆவணும். எங்கன்னு எனக்குத் தெரியல. ஆனா உங்கப்பா இதுல இருக்காரு. நிச்சயமா இருக்காரு” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். நல்ல காரியத்தில் அழக்கூடாது என்று யாரோ அதட்டினார்கள். அவர்களைப் போகச் சொன்னாள் அண்ணி.

பெண் குனிந்து என் தோளைத் தொட்டாள். நானும் அதே பாவில் வந்த மூன்றாவது புடவையைத்தான் கட்டியிருந்தேன். அதே அரக்கு, அதே கட்டம். அதன் முந்தானையை எடுத்து விரலில் தடவினாள்.

“உன் பொடவையில அத்தே?”

“என்னுதுல இல்லமா” என்றேன். “என்னுது சரியா ஐயாயிரத்து நாப்பது.”